ஒரே கண்ணில் இரண்டு நோய்: ஹெர்பீஸ் கருவிழிப் புண்ணில் நாங்கள் பார்ப்பவை

கருவிழி மருத்துவர், புதுச்சேரி:

ஒரு கண் மட்டும் சிவந்து, கூசி, நீர் கொட்டினால் உடனே ‘மெட்ராஸ் ஐ’ என்று முடிவு கட்டாதீர்கள். மெட்ராஸ் ஐ பெரும்பாலும் மறு கண்ணுக்கும் தாவும், வீட்டில் இன்னொருவருக்கும் வந்திருக்கும். ஹெர்பீஸ் சிம்ப்ளெக்ஸ் என்ற வைரஸால் வருவது பெரும்பாலும் ஒரே கண்ணோடு நிற்கும். புண் இருக்கிற அளவுக்கு வலி இருக்காது. கருவிழியின் உணர்ச்சி நரம்பை வைரஸ் மழுங்கடித்துவிடுகிறது, அதுதான் காரணம்.

அதனால் மரப்புச் சொட்டு விடுவதற்கு முன்பே பஞ்சுச் சோதனையை முடித்துவிட வேண்டும். பஞ்சு நுனியை நூலாகத் திரித்து, பக்கவாட்டிலிருந்து கருவிழியைத் தொடுங்கள். நேரே கொண்டுபோனால் பஞ்சைப் பார்த்தே இமைத்துவிடுவார்கள், சோதனை வீண். முதலில் நல்ல கண், பிறகு நோய்க் கண். அடுத்தது ஃப்ளூரசின் தாள், அதாவது புண்ணில் பிடிக்கும் சாயம் தோய்த்த தாள். ஒரு சொட்டு சலைனில் நனைத்துக் கீழிமையின் உட்புறம் தொட்டு, இமைக்கச் சொல்லி, நீல வெளிச்சத்தில் பாருங்கள். பச்சை நிறத்தில் ஒரு கிளை தெரியும். அதன் நுனிகளில் குண்டூசித் தலைபோலக் குமிழ் இருந்தால் ஹெர்பீஸ். ஆறிவரும் கீறலும் கிளை விடும், ஆனால் குமிழ் இராது.

இந்தக் கட்டத்தில் மேல்தோல் செல்களை அழிப்பது வைரஸேதான். அதனால் வைரஸ் மருந்தான அசைக்ளோவிர் 3% கண் களிம்பு, நாளுக்கு 5 வேளை. இங்கே ஸ்டீராய்டு விட்டால் கிளை விரிந்து, தேசப்படம் போல அகலப் புண்ணாகிவிடும்.

சில மாதமோ வருடமோ கழித்து அதே ஆள் வருவார். மேல்தோல் மூடியிருக்கும், சாயம் பிடிக்காது. உள்ளே மட்டும் கருவிழி பால் கலந்த கண்ணாடிபோல் மங்கி, ஓரத்திலிருந்து ரத்தக்குழாய் நுழைந்திருக்கும். இந்த இரண்டாவது நோயில் பெரும்பங்கு சேதம் நம் உடம்பின் எதிர்ப்பால் வருவது. இதற்கு ஸ்டீராய்டு வேண்டும், வைரஸ் மருந்தின் காவலோடு.

வைரஸ் ஆய்வுக்கூடப் பணியாளர், புதுச்சேரி:

டாக்டர் சொன்ன அந்த எதிர்ப்பைக் கொஞ்சம் பிரித்துச் சொல்கிறேன். எல்லா எதிர்ப்பும் கெட்டதல்ல. வைரஸ் ஒளிந்து கிடப்பது முகத்து உணர்ச்சி நரம்பின் முடிச்சில். எலிகளில் அந்த முடிச்சைச் சுற்றி சிடி8 டி செல்கள் என்ற ஒருவகை எதிர்ப்பு வெள்ளணுக்கள் காவல் இருந்து, வைரஸ் விழிப்பதை அடக்குகின்றன. சி57 கறுப்பு என்ற ஆய்வுக்கூட எலி இனத்தில் அவற்றில் பெரும்பகுதி, வைரஸின் மேலுறைப் புரதமான கிளைக்கோபுரோட்டீன் பி-யின் ஒரே துண்டைத்தான் அடையாளம் காண்கின்றன.

கருவிழியில் கதை வேறு. அங்கே இன்னொரு வகையான சிடி4 டி செல்கள் இன்டர்ஃபெரான் காமா என்ற சமிக்ஞைப் புரதத்தைச் சுரந்து, நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்களைக் கூட்டிவருகின்றன. அவைதான் திசுவைக் கரைக்கின்றன. விஇஜிஎஃப் என்ற வளர்ச்சிப் புரதம் கூடுவதால் ரத்தக்குழாய் முளைக்கிறது.

எந்தப் புரதத்துக்கு எதிராக உடம்பைப் பழக்குகிறோம் என்பதில் எனக்கு மிகுந்த அக்கறை உண்டு. கிளைக்கோபுரோட்டீன் டி-யைத் தடுப்பூசியாகப் போட்ட எலிகளின் கண் காக்கப்பட்டது. கிளைக்கோபுரோட்டீன் கே-யைப் போட்டவற்றுக்கோ தழும்பு அதிகமானது. கே-க்கு எதிரான ஆன்டிபாடி உள்ள சீரத்தை மட்டும் ஏற்றினாலும் நோய் முற்றியது. தடுப்பூசி செய்கிறவர்கள் ‘வைரஸ் புரதம்தானே’ என்று எதையும் சேர்த்துவிட முடியாது. யுஎல்6 என்ற வைரஸ் புரதம் கருவிழிப் புரதத்தைப் போலிருப்பதால் உடம்பு ஏமாந்து தன்னையே தாக்குகிறது என்று 1998-இல் ஒரு எலி ஆய்வு சொன்னது. பிறகு வந்த ஆய்வுகளில் சில அதற்குத் துணைநிற்கவில்லை.

ஆப்டோமெட்ரிஸ்ட், கடலூர்:

இங்கே அதிகம் தப்பாகும் இடம் ஸ்டீராய்டை நிறுத்துவதில்தான். கண் வெளுத்ததும் தாங்களாகவே விட்டுவிடுகிறார்கள். பத்தே நாளில் மங்கல் திரும்பிவிடும். வாரக்கணக்கில், வேளையை ஒவ்வொன்றாகக் குறைத்துத்தான் இறங்க வேண்டும். பிரெட்னிசோலோன் அசிடேட் 1% என்ற ஸ்டீராய்டு சொட்டில் மருந்து அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கும். குலுக்காமல் விட்டால் ஆரம்பத்தில் வெறும் நீர்தான் விழும், பாட்டில் தீரும்போது வீரியம் ஏறும். முதலில் சொட்டு, 5 நிமிடம் கழித்துக் களிம்பு. மாற்றிப் போட்டால் களிம்பு வழிமறிக்கும். ஒவ்வொரு வருகையிலும் கண் அழுத்தம் பாருங்கள். ஸ்டீராய்டும் ஏற்றும், இந்த நோயும் ஏற்றும்.

மருந்தாளுநர், கடலூர்:

அசைக்ளோவிரில் 5% தோல் கிரீமும் உண்டு. டியூப் ஏறக்குறைய ஒரே அளவு. அது கண்ணுக்குள் போகக் கூடாது, கொடுக்கும்போதே வாசித்துக் காட்டிவிடுங்கள். மாத்திரையிலும் குழப்பம் உண்டு. கண் ஹெர்பீஸுக்கு 400 மி.கி. 5 வேளை. அக்கிக்கு 800 மி.கி. 5 வேளை. காவி பூசி அக்கி எழுதும் அந்த நோய் வேறு வைரஸ். அந்தக் கொப்புளம் மூக்கு நுனியில் இருந்தால் அன்றே கண் டாக்டரிடம் அனுப்புங்கள். திரும்ப வராமல் தடுக்க 400 மி.கி. 2 வேளை. அமெரிக்காவில் 703 பேரிடம் செய்து 1998-இல் வந்த ஆய்வில், ஒரு வருடம் இதைச் சாப்பிட்டவர்களில் 19% பேருக்கும் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 32% பேருக்கும் நோய் திரும்பியது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவு குறையும், சிறுநீரக வேலையைக் காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை பார்க்காமல் தொடரக் கூடாது.

கருவிழி மருத்துவர், புதுச்சேரி:

ஒன்று விட்டுப்போனது. பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பு, கரும்பு வெட்டு, நெல் தூற்றல் என்று கண்ணில் தூசியோ இலையோ அடித்த பிறகு வரும் வெள்ளைப் புண் பூஞ்சையாக இருக்கலாம். ஓரம் இறகுபோலக் கலைந்திருக்கும். சுரண்டியெடுத்து 10% பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் மைக்ராஸ்கோப் வைத்தால் சில நிமிடங்களில் இழை தெரிந்துவிடும். அந்தத் துளியைப் பார்க்கும்வரை ஸ்டீராய்டு பாட்டிலைத் திறக்காதீர்கள்.