டிப்ளமசி: இத்தாலியை நம்பி ட்ரியெஸ்ட்டைக் காலி செய்யலாமா?

வியன்னாவாசி

ஏழு பேர் ஆளுக்கொரு ஐரோப்பிய நாடாக வரைபடத்தில் மோதும் பலகை விளையாட்டு டிப்ளமசி. 1959-இல் கடைக்கு வந்த இந்த விளையாட்டில் பகடையே கிடையாது, அதனால் அதிர்ஷ்டத்தின் மேல் பழி போடவும் வழியில்லை. ஏழு பேரும் ஆர்டரை, அதாவது படைகளுக்கான கட்டளையை, சீட்டில் ரகசியமாக எழுதி ஒன்றாகப் பிரிக்க வேண்டியதுதான். போன ஆட்டத்தில் எனக்கு ஆஸ்திரியா. ஆட்டத்தின் கணக்கில் 1901-இல் செர்பியா, கிரீஸ் என்று இரண்டு சென்டர் (படை வைக்க உரிமை தரும் இடம்) வந்துவிட்டன. இத்தாலிக்காரர் துனிஸைப் பிடித்தார். துருக்கியைச் சேர்ந்து அடிப்போம் என்று மாடிப்படியில் நின்று பேசி முடித்தோம்.

குளிர்கால பில்டில், அதாவது புதுப் படை கட்டும் நேரத்தில், இத்தாலியின் வெனிஸை ஒட்டிய என் ட்ரியெஸ்ட்டில் ஒரு ஆர்மி (தரைப்படை) வைத்தேன். "அது அங்கே நின்றால் நான் எப்படி வெனிஸை விட்டு நகர்வது?" என்றார் இத்தாலிக்காரர். 1902 வசந்தத்தில் அதை அல்பேனியாவுக்கு அனுப்பினேன். சீட்டைப் பிரித்தால் 'வெனிஸ் – ட்ரியெஸ்ட்', 'ரோம் – வெனிஸ்'!

இலையுதிர்காலத்தில் ட்ரியெஸ்ட்டை மீட்க வியன்னாவிலிருந்து அடித்தேன். புடாபெஸ்ட், செர்பியா, அல்பேனியா மூன்றிலும் இருந்த என் படைகள் சப்போர்ட், ஆளுக்கு ஒரு பலம் கூடும். செர்பியாவைப் பல்கேரியாவிலிருந்து துருக்கி தட்டினார், அல்பேனியாவை அயோனியன் கடலிலிருந்து இத்தாலிக்காரர் தட்டினார். தட்டப்பட்ட படையின் சப்போர்ட் செல்லாது, அதனால் இரண்டு சப்போர்ட்டும் கட். எனக்கு இரண்டு பலம், வெனிஸின் சப்போர்ட்டோடு அவருக்கும் இரண்டு, ட்ரியெஸ்ட் போச்சு. யாரை அடிக்கக் கூட்டுச் சேர்ந்தோமோ அவரோடு சேர்ந்தே என்னை அடித்திருக்கிறார்.

இது வரப்போகிறது என்று முன்னாலேயே காட்டும் அறிகுறி ஏதாவது உண்டா?

கறுப்புக்கடல்

அறிகுறி உங்கள் கேள்வியிலேயே இருக்கிறதே. ரோமில் ஆர்மி எப்படி வந்தது? அந்தக் குளிர்காலத்தில் கட்டியதுதானே? துருக்கிக்குப் போகிறவர் நேப்பிள்ஸில் ஃப்ளீட் (கடற்படை) கட்டுவார். துனிஸ் ஆர்மியைக் கடல் வழியே ஒரே மூச்சில் துருக்கியின் சிரியாவில் இறக்க அயோனியனில் ஒன்று, கிழக்கு மத்தியதரைக் கடலில் ஒன்று என்று இரண்டு ஃப்ளீட் வேண்டும். ரோம் ஆர்மிக்கு அங்கே என்ன வேலை? வாய் என்னவும் சொல்லும், பில்ட் பொய் சொல்லாது.

பீட்மான்ட் மாமா

இத்தாலிக்காகவும் ஒருவர் பேச வேண்டாமா? உங்களிடம் 5 சென்டர், அவரிடம் 4. துருக்கியில் அவருக்கு முதல் சென்டர் கிடைக்க எப்படியும் 1903 ஆகும். அதற்குள் நீங்கள் பல்கேரியாவையும் விழுங்கியிருப்பீர்கள், அப்புறம் அவர் எதற்கு உங்களுக்கு? இரண்டு நாடுகளின் சொந்த சென்டர்கள் ஒட்டியிருப்பது மொத்தப் பலகையிலும் வெனிஸ்-ட்ரியெஸ்ட் மட்டும்தான். அப்படிப்பட்ட பக்கத்து வீட்டுக்காரரைப் பட்டினி போட்டுவிட்டுக் கதவையும் திறந்து வைத்தால்? நானாக இருந்தால் கிரீஸை அவருக்கே விட்டிருப்பேன், போக சப்போர்ட்டும் கொடுத்து.

வியன்னாவாசி

மாமா, கிரீஸைக் கொடுத்தால் நாளைக்கு அங்கிருந்தே செர்பியா மேல் பாய மாட்டாரா? ரோம் ஆர்மி பற்றி அன்றைக்கே கேட்டேன். "பிரான்சுக்குப் பயந்துதான்" என்றார். பிரான்ஸோ அப்போது ஆங்கிலக் கால்வாயில் இங்கிலாந்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது!

பீட்மான்ட் மாமா

பாயலாம். ஆனால் அதற்கு ஒரு வருடம் கழியும், ட்ரியெஸ்ட்டில் உங்கள் ஆர்மியும் நிற்கும்.

கறுப்புக்கடல்

ஆட்டம் இன்னும் முடியவில்லை என்றால்: 4 சென்டர்தான் மிச்சம், ஐந்து படையில் ஒன்றைப் பலகையிலிருந்து எடுத்தாக வேண்டும். கிரீஸ் ஃப்ளீட்டை மட்டும் எடுத்துவிடாதீர்கள், அயோனியனைத் தொந்தரவு செய்ய உங்களிடம் இருப்பது அது ஒன்றுதான். அல்பேனியா ஆர்மியை எடுங்கள். அப்புறம் நேராக பிரான்ஸிடம் போய், இத்தாலியின் இரண்டு ஆர்மிகள் வடகிழக்கு மூலையில் கிடக்கின்றன என்று பலகையைக் காட்டுங்கள். உங்கள் பேச்சை அவர் நம்பவே வேண்டாம், கண் இருந்தால் போதும்.