பின் டயர் நடுவில் தட்டையாகிவிட்டது, மழைக்கு முன் மாற்ற வேண்டுமா? (பல்சர் 150, கோவை – வால்பாறை)

ஆழியார் வளைவு:

வணக்கம் நண்பர்களே. என் வண்டி பல்சர் 150, 2018 மாடல். வேலை கோவையில், வீடு வால்பாறையில். வாரக் கடைசியில் பெரும்பாலும் வண்டியிலேயே ஏறி இறங்குகிறேன், சில சமயம் மனைவியும் பின்னால் இருப்பார். பின் டயர் 22 ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிவிட்டது. ஓரங்களில் பட்டன் (டயர் மேலிருக்கும் ரப்பர் மேடுகள்) நன்றாகவே இருக்கிறது, நடுவில் மட்டும் தேய்ந்து அகலமான பட்டையாகத் தட்டையாகிவிட்டது. பள்ளத்துக்குள் தேய்மான எல்லையைக் காட்ட வைத்திருக்கும் தேய்மானக் கட்டையை இன்னும் தொடவில்லை, ஆனால் தொடுவதற்கு அதிகம் மிச்சமும் இல்லை.

வழக்கமாக வண்டி விடும் மெக்கானிக் "இன்னும் மூவாயிரம் தாராளமா ஓடும், இப்பவே எதுக்கு மாத்துறீங்க" என்கிறார். காற்றுப் பிடிக்கப் போன இடத்தில் பஞ்சர் கடை அண்ணன் பார்த்தவுடனே "மழைக்கு முன்னாடி மாத்திருங்க தம்பி" என்றார். இன்னொரு கடையில் தேய்ந்த டயரிலேயே பள்ளத்தை மறுபடி ஆழமாக்கிப் பட்டன் வெட்டித் தருகிறோம், புது டயர் விலையில் கால்வாசிகூட ஆகாது என்றார்கள். மூன்று பேரும் மூன்று விதமாகச் சொன்னால் யாரை நம்புவது என்று தெரியவில்லை.

முன் டயர் வண்டியோடு வந்தது, இதுவரை மாற்றவில்லை. அதில் பட்டன் பாதிக்கு மேல் இருக்கிறது. ஆனால் பள்ளங்களின் அடியில் கோடு கோடாக மெல்லிய வெடிப்பு தெரிகிறது. அதைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை.

ஜூன் பிறந்தால் மலையில் மழை பிடித்துக்கொள்ளும். இந்த மாதச் சம்பளத்தில் ஒரு டயருக்குத்தான் பணம் ஒதுக்க முடியும். எதை மாற்றுவது, எப்போது மாற்றுவது? இதே மாதிரி மலையும் சமதளமும் கலந்து ஓட்டுகிறவர்கள் சொல்லுங்கள்.

டயர்க்கடை மாறன்:

நான் திருப்பூர் பக்கம் டயர்க்கடையில் இருக்கிறேன். உங்கள் மெக்கானிக் சொன்னது முழுக்கத் தப்பில்லை. கோவைக்குள்ளேயே ஆபீசுக்கும் கடைக்கும் போய்வருகிற வண்டி என்றால் நானும் இன்னும் கொஞ்சம் ஓட்டுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். உங்கள் தடம்தான் பிரச்சினை.

கோவையிலிருந்து பொள்ளாச்சி வரை நான்கு வழிச் சாலையில் வண்டி நிமிர்ந்தே ஓடுகிறது, அதனால் டயரின் நடுப்பகுதி மட்டும்தான் தேய்கிறது. பைக் டயர் உருண்டையாக இருப்பதே வண்டி சாயும்போது தரையைத் தொடும் இடம் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடையில்லாமல் நகரத்தான். நடு தட்டையானதும் தட்டைக்கும் ஓரத்துக்கும் நடுவே ஒரு விளிம்பு உருவாகிவிடும். வளைவில் சாய்க்கும்போது வண்டி முதலில் வர மறுக்கும், அந்த விளிம்பைத் தாண்டியதும் சட்டென்று உள்பக்கம் சரியும். காய்ந்த சாலையில் இதை ஒரு உதறலாக உணர்வீர்கள், பலர் ஃபோர்க்கில் ஏதோ கோளாறு என்று நினைத்து எங்களிடம் வருவார்கள். ஈரத்தில் அதே உதறல் டயரை வழுக்கவிட்டுவிடும். நீங்கள் ஆழியார் தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவு ஏறுகிறவர். உங்களுக்கு மில்லிமீட்டர் கணக்கைவிட டயரின் இந்த உருவம்தான் முக்கியம்.

தேய்மானக் கட்டையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். டயரின் பக்கவாட்டில் சின்ன முக்கோணமோ டிடபிள்யூஐ (TWI) என்ற எழுத்தோ இருக்கும், அதற்கு நேர் மேலே பள்ளத்துக்குள் அந்தக் கட்டை இருக்கும். நம் நாட்டு மோட்டார் வாகன விதியில் இருசக்கர வண்டிக்குக் குறைந்தது 0.8 மி.மீ. ஆழம் வேண்டும், காருக்கு 1.6 மி.மீ. அந்த 0.8 என்பது இதற்குக் கீழே சாலையில் ஓட்டவே கூடாது என்ற எல்லை. அதுவரை மழையில் நன்றாகப் பிடிக்கும் என்று அர்த்தமில்லை. பள்ளத்தின் வேலை தரைக்கும் ரப்பருக்கும் நடுவில் மாட்டும் தண்ணீரை வெளியே தள்ளுவது, ஆழம் குறையக் குறைய அந்த வேலை குறைந்துகொண்டே வரும். எங்கள் கடையில் மலை ஓட்டுகிறவர்களுக்கு நடுவில் 2 மி.மீ. வந்ததும் மழைக்காலத்துக்கு முன் மாற்றச் சொல்கிறோம். அளப்பதை நடுப் பள்ளத்தில் அளக்க வேண்டும், ஓரத்தில் அளந்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொன்னால் நம்பாதீர்கள்.

பட்டன் வெட்டுவதற்கு மட்டும் தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். லாரி டயர்களில் சிலவற்றை மறுபடி வெட்டுவதற்கென்றே அடியில் கூடுதல் ரப்பர் வைத்துச் செய்வார்கள், அப்படிச் செய்த டயரில் பக்கவாட்டிலேயே அது எழுதியிருக்கும். பைக் டயரில் அந்த ரப்பர் கிடையாது. கத்தி இறங்குவது நைலான் நூலுக்கு மேலே மிச்சமிருக்கிற கொஞ்ச ரப்பரில்தான். பார்க்கப் புதுசு மாதிரி தெரியும், உள்ளே இன்னும் மெலிந்திருக்கும். இரண்டு பேர் உட்கார்ந்து மலை ஏறும் வண்டிக்கு இதைச் செய்து தருகிற கடைக்காரர் மேல் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது.

செம்மண் சாலை:

மாறன் அண்ணன் சொல்வதை மறுக்கவில்லை, ஆனால் இந்த மாதிரி இடங்களில் கேள்வி கேட்டவுடன் இரண்டு டயரையும் மாற்று என்று எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். பைக் டயர் ஒன்று 2,000 ரூபாய்க்கு மேல் போகிறது. சம்பளக்காரருக்கு அது சின்னத் தொகை இல்லை. நான் தர்மபுரி பக்கம், வெயில் ஊர். கட்டையைத் தொடும்வரை ஓட்டித்தான் மாற்றுவேன், சட்டப்படியும் அதில் தப்பில்லை.

ஒரு விஷயம் மட்டும் செய்வேன். தேய்ந்த டயரின் கடைசிப் பகுதியை வெயில் மாதங்களில் ஓட்டி முடிக்கிற மாதிரி பார்த்துக்கொள்வேன், மழை ஆரம்பிக்கும்போது புது டயர் இருக்கும். ஜனவரியில் புது டயர் போட்டு, அது பாதி தேய்ந்த நிலையில் மழைக்காலத்துக்குள் நுழைவதைவிட இது நல்லது. காசும் வீணாகாது. கேட்டவர் இப்போது மே மாதத்தில்தான் இருக்கிறார், கோவைக்குள் ஓட்டுவதற்கு அந்தப் பின் டயர் போதும். மலைக்குப் போவதுதான் யோசிக்க வேண்டியது.

அப்புறம் நடு இவ்வளவு தட்டையாக வந்ததற்குக் காற்றும் ஒரு காரணமாக இருக்கலாம். கடைக்காரர் கேட்காமலே 40 வரை அடித்துவிடுவார், கல் மாதிரி இருந்தால் வண்டி இலேசாக ஓடும் என்று நாமும் விட்டுவிடுவோம். பல்சர் 150-க்கு முன்னால் 25, பின்னால் ஒருவர் என்றால் 28, இருவர் என்றால் 32 பிஎஸ்ஐ. வண்டியிலேயே ஒட்டியிருப்பார்கள், ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். காலையில் வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும்.

கவர்க்கல் மூடுபனி:

தம்பி, நான் வால்பாறைக்காரன், எஸ்டேட் வேலை. அந்த ரோட்டில் வருடம் முழுக்க வண்டி ஓட்டுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், எல்லோரும் பின் டயரையே பேசுகிறார்கள். எனக்குப் பயம் உங்கள் முன் டயர் மேல்தான்.

ஏறும்போது பின் டயர்தான் வேலை செய்யும், சரி. இறங்கும்போது எடை முழுக்க முன்னால் வந்துவிடுகிறது, பிரேக்கின் பெரும்பகுதி முன் சக்கரத்தில்தான். மழைக்காலத்தில் கவர்க்கல் பக்கம் மூடுபனி இறங்கிவிட்டால் பத்தடிக்கு அந்தப் பக்கம் பஸ் வருவதே தெரியாது, திடீரென்று பிடிக்க வேண்டியிருக்கும். நிழல் விழும் வளைவுகளில் ஓரம் முழுக்கப் பாசி. பல இடத்தில் மலையிலிருந்து தண்ணீர் ரோட்டைத் தாண்டி ஓடும், கூடவே மண்ணும் சருகும். பின் டயர் கொஞ்சம் வழுக்கினால் ஆக்சிலரேட்டரை மெதுவாகக் குறைத்துச் சமாளித்துவிடலாம், பெரும்பாலும் வண்டி நேராகிவிடும். முன் டயர் வழுக்கினால் யோசிக்கவே நேரம் கிடையாது, கீழே விழுந்த பிறகுதான் தெரியும்.

2018 வண்டியோடு வந்த டயர் என்றால் ரப்பர் இறுகிப்போயிருக்கும். வெயில், சூடு, நின்ற இடத்திலேயே காற்றுப் படுவது எல்லாம் சேர்ந்து ரப்பரின் இளக்கத்தை எடுத்துவிடும், பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் ஈரத்தில் பிடிக்காது. பள்ளத்தின் அடியில் வெடிப்பு வந்திருப்பது அதற்குத்தான் அடையாளம். பக்கவாட்டில் நான்கு எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 1118 என்றால் 2018-இன் பதினொன்றாவது வாரம். ஐந்து வருடம் தாண்டினால் வருடத்துக்கு ஒருமுறையாவது தெரிந்தவரிடம் காட்டிப் பார்க்க வேண்டும், பத்து வருடம் ஆனால் பட்டன் இருந்தாலும் தூக்கிப்போட வேண்டும் என்று மிஷெலின் மாதிரி கம்பெனிகளே சொல்கிறார்கள். வெடிப்பு வந்த பிறகு பத்து வருடக் கணக்கெல்லாம் பார்க்க வேண்டாம்.

ஒரே டயருக்குத்தான் காசு என்றால் நான் முன்னால் மாற்றுவேன்.

டயர்க்கடை மாறன்:

கவர்க்கல் அண்ணன் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். வெடிப்பு என்று படித்தும் நான் பின்னாலேயே நின்றுவிட்டேன். ஆனால் முன் டயர் புதுசாகி, பின்னால் அந்தத் தட்டை டயரோடு மனைவியையும் உட்காரவைத்து ஜூன் மழையில் ஏறுவதற்கு என்னால் சரி என்று சொல்ல முடியாது. இரண்டு பேர் ஏறினால் கூடுகிற எடையில் பெரும்பகுதி பின்னால்தான் விழுகிறது. ஒன்றை முதலில், மற்றதைச் சில வாரத்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள், அந்த இடைவெளியில் பொள்ளாச்சியில் வண்டியை விட்டுவிட்டுப் பஸ்ஸில் ஏறுங்கள்.

ஆழியார் வளைவு, இரண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். பின் டயரில் சமீபமாகப் பஞ்சர் அதிகமாகிறதா? முன் டயரின் வெடிப்பில் நகம் உள்ளே இறங்குகிறதா, இல்லை மேலோட்டமா? பக்கவாட்டில் எங்காவது புடைப்பு இருந்தால் மேற்கொண்டு பேச்சே வேண்டாம், வண்டியை எடுக்காதீர்கள்.

ஆழியார் வளைவு:

எல்லோருக்கும் நன்றி. வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். முன் டயரில் நீங்கள் சொன்ன எண் 0918, அதாவது வண்டியைவிடச் சில வாரம் மூத்தது. வெடிப்பு பள்ளத்தில் மட்டும் இல்லை, ரிம் ஓரத்திலும் பக்கவாட்டில் சுற்றிலும் இருக்கிறது, சில இடத்தில் நகம் இறங்குகிறது. புடைப்பு எதுவும் இல்லை. பின் டயர் 3021. பஞ்சர், ஆமாம், முன்பெல்லாம் எப்போதாவது ஒன்று வரும், கோடையில் அடிக்கடி ஆகிவிட்டது, சின்ன கம்பித் துண்டுகூட இறங்கிவிடுகிறது. அதையும் தேய்மானத்தையும் நான் சேர்த்து யோசிக்கவே இல்லை.

முன் டயரை இந்த வாரமே மாற்றுகிறேன். பின் டயர் அடுத்த சம்பளத்தில், அதுவரை கோவைக்குள் மட்டும் வண்டி, ஊருக்குப் பஸ். மனைவிக்கும் அதுதான் நிம்மதி என்றார்.

கடைசியாக ஒன்று. பின்னால் எப்படியும் புதுசு போடுகிறோம், 100/90-17-க்குப் பதிலாக அதைவிட அகலமான 120/80-17 போட்டால் பிடிப்பு கூடும் என்று நண்பர் சொல்கிறார். போடலாமா?

டயர்க்கடை மாறன்:

வேண்டாம். நிறையப் பேர் போடுகிறார்கள், கேட்டால் நாங்களும் மாட்டித் தருகிறோம், ஆனால் உங்கள் தேவைக்கு அது எதிர். ரிம்முக்கு ஏற்ற அகலத்தைத் தாண்டிய டயரை மாட்டினால் இரண்டு பக்கமும் உள்ளே இழுத்துப் பிடிக்கப்பட்டு நடு தூக்கிக்கொள்ளும், தரையில் படும் இடம் எதிர்பார்த்த அளவு கூடாது. வளைவில் சாய்க்க வண்டி கனமாக இருக்கும், மைலேஜும் குறையும். 100/90-17 அளவிலேயே வாங்குங்கள், பக்கவாட்டில் 55பி (55P) அல்லது அதற்கு மேல் இருக்கிறதா பாருங்கள். 55 என்பது அந்த டயர் தாங்கும் எடைக்கான எண், 218 கிலோ. பி என்பது வேகம், மணிக்கு 150 கி.மீ. வரை.

வாங்கும்போது நான்கு எண் தேதியையும் பாருங்கள், கடையில் ரொம்ப நாள் கிடந்த டயரைத் தள்ளுபடியில் தருவார்கள். சுழலும் திசைக்கான அம்புக்குறி இருந்தால் மாட்டிய பிறகு நீங்களே ஒருமுறை சரிபார்க்க வேண்டும், அவசரத்தில் திருப்பி மாட்டுவது நடக்கிறது. டியூப்லெஸ் என்பதால் வால்வும் புதுசாகப் போடச் சொல்லுங்கள், அதற்கு ஆகும் செலவு கொஞ்சம்தான். பின் சக்கரத்தைக் கழற்றியிருக்கும்போதே கப்ளிங் ரப்பர், வீல் பேரிங், பிரேக் ஷூ மூன்றையும் பார்த்துவிடுங்கள், தனியாகக் கழற்றினால் மறுபடி கூலி.

புது டயரின் மேல்தோல் வழவழப்பாக இருக்கும், முதல் 100, 150 கி.மீ. வரை பிடிப்பு குறைவு. அதைக் கோவையிலேயே நிதானமாக ஓட்டித் தேய்த்துவிட்டு, திடீர் பிரேக்கும் பெரிய சாய்வும் இல்லாமல் பழக்கிவிட்டு மலைக்கு எடுங்கள்.

கவர்க்கல் மூடுபனி:

அடுத்த மாதம் முதல் வாரத்தில் வருவதாக இருந்தால் மதியத்துக்கு முன்பே ஆழியார் செக்போஸ்ட் தாண்டிவிடுங்கள் தம்பி, சாயங்காலம் ஆனால் அட்டகட்டிக்கு மேலே பனி இறங்கிவிடும்.