ஊட்டி பொசிடேடிஸ்: கைவசமா, எல்லையா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

புதிதாய்ப் பிறக்கும் நாடுகளின் எல்லை பற்றிய பன்னாட்டுச் சட்டக் கோட்பாட்டைக் குறிக்கும் ‘ஊட்டி பொசிடேடிஸ்’ என்ற இலத்தீன் தொடருக்குத் தமிழில் ‘கைவசக் கோட்பாடு’ என்று நேற்றைய மடலில் ஒரு நண்பர் முன்மொழிந்திருந்தார். சொல்லளவில் குறைகூற இடமில்லை. ‘எப்படி வைத்திருக்கிறீர்களோ அப்படியே’ என்பதுதான் நேர்ப்பொருள். ஆயினும், பன்னாட்டுச் சட்டத்தையும் அதில் படிந்துள்ள காலனியச் சுவடுகளையும் இருபத்தைந்து ஆண்டுகள் கற்பித்தவன் என்ற முறையில், இச்சொல் மாணவரை நேர் எதிரான முடிவுக்கு இட்டுச் செல்லும் என்று அஞ்சுகிறேன். (‘ஊட்டி’ என்று பலகையில் எழுதியதும் வகுப்பு சிரிக்காத ஆண்டே கிடையாது, தமிழ்ச்சொல் தேடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.)

உரோமானியச் சட்டத்தில் இது ஓர் இடைக்கால ஆணை. எதிராளியிடமிருந்து வலுவந்தமாகவோ மறைவாகவோ அவருடைய தயவிலோ பெறாமல் ஒரு நிலத்தை வைத்திருப்பவர், உரிமை வழக்கு முடியும்வரை வைத்திருக்கட்டும் என்பதே அதன் சாரம். அங்கே ‘கைவசம்’ பொருந்தும். 19ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினிடமிருந்து பிரிந்த தென்னமெரிக்கக் குடியரசுகள் இதே தொடரை வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டன: பேரரசு தன் மாகாணங்களுக்கிடையே இழுத்திருந்த நிர்வாகக் கோடுகளே இனி நாட்டெல்லைகள் என்றன. 1964இல் கெய்ரோவில் கூடிய ஆப்பிரிக்கத் தலைவர்களும் விடுதலையின்போது இருந்த எல்லைகளை மதிப்பதாக உறுதி கூறினர். 1986இல், புர்கினா ஃபாசோவுக்கும் மாலிக்கும் இடையிலான எல்லை வழக்கில், பன்னாட்டு நீதிமன்றத்தின் ஆயம் (நீதிபதிகள் குழு) இதைப் பொதுக் கோட்பாடாகவே அறிவித்தது. நமக்கு வேண்டிய வரி அந்தத் தீர்ப்பில்தான் இருக்கிறது: சட்ட உரிமை ஒரு நாட்டிடமும் நடைமுறை ஆட்சி மற்றொரு நாட்டிடமும் இருந்தால், உரிமையுள்ள நாட்டுக்கே முன்னுரிமை. அதாவது, இங்கே கைவசம் தோற்றுப்போகிறது.

எங்கள் குமரி மாவட்டத்தில் இதை விளக்க ஒற்றி ஒன்றே போதும்: கடன் தீரும்வரை கடன் கொடுத்தவர் நிலத்தின் பலனை எடுத்துக்கொள்ளும் அடமானம் அது. சிறுவயதில் எங்கள் தென்னைவிளை (தென்னந்தோப்பு) ஒற்றியில் இருந்தது. ஒற்றிக்காரர் ஆள்விட்டுத் தேங்காய் வெட்டும் நாளில், ஆச்சி வேலிக்கு இப்பால் நின்று குலைகளை எண்ணிக்கொண்டிருப்பார். “வெட்டு அவருக்கு, விளை நமக்கு” என்பார். அந்த ஆயம் பல பக்கங்களில் பிரித்துக் காட்டியதும் ஏறத்தாழ இதைத்தான்.

‘மரபெல்லை’ என்ற மற்றொரு முன்மொழிவை என்னால் ஏற்கவே இயலாது. இன்றைய புர்கினா ஃபாசோவான மேல் வோல்டாவை 1932இல் கலைத்து அண்டைக் காலனிகளுக்குப் பங்கிட்ட பிரான்சு, 1947இல் அதை மீண்டும் உண்டாக்கியது. பதினைந்து ஆண்டுகளில் அழித்து வரைந்த கோட்டுக்கு மரபு என்ற மரியாதையை நாம் ஏன் கொடுக்க வேண்டும்?

இக்கோட்பாட்டின் உயிர், எல்லை எந்த நாளில் எப்படி இருந்தது என்பதில் இருக்கிறது. அது கடிகாரத்தை நிறுத்துகிறது, ஆனால் முட்களைப் பின்னோக்கித் திருப்புவதில்லை என்று அதே தீர்ப்பு கூறுகிறது. எனவே ‘விடுதலைநாள் எல்லைக் கோட்பாடு’ என்பது என் முன்மொழிவு. உரோமானிய ஆணைக்கு மட்டும் ‘கைவசக் காப்பாணை’ என்று வைத்துக்கொள்ளலாம்.

தக்கலையிலிருந்து.

*

மதிப்பிற்குரிய ஐயா,

ஒற்றி உவமையை இனி நானும் என் வகுப்பில் பயன்படுத்திக்கொள்வேன். இரண்டு ஐயங்கள் உள்ளன. 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது, திருவிதாங்கூர் காலத்துத் தாலுகா எல்லைதான் மாநில எல்லையாயிற்று. கேட்டும் கிடைக்காத நெய்யாற்றின்கரையும் தேவிகுளமும் பீர்மேடும் அப்பால் நின்றுவிட்டன. இதையும் இக்கோட்பாட்டில் அடக்கலாமா? அடுத்து, 1992 ஜனவரியில், யூகோஸ்லாவியா உடைந்தபோது எழுந்த சட்டக் கேள்விகளை ஆராய்ந்த பாதிந்தேர் ஆணையம், யூகோஸ்லாவியக் குடியரசுகளின் உள்நாட்டு எல்லைகளுக்கும் இதைப் பொருத்தியது. குரோவாசியா யாருடைய காலனியாகவும் இருக்கவில்லையே. ‘விடுதலைநாள்’ அங்கே இடிக்காதா? ‘பிரிவுநாள் எல்லை’ என்றால் இரண்டு இடத்துக்கும் சரிவரும் என்று தோன்றுகிறது.

குழித்துறையிலிருந்து.

*

தம்பிக்கு,

முதல் ஐயத்துக்கு விடை, அடக்க முடியாது என்பதே. மாநில எல்லையை நாடாளுமன்றம் அரசியலமைப்பின் 3ஆம் உறுப்பின்படி மாற்றிக்கொள்ளலாம். 1956இல் நடந்ததும் அப்படிப்பட்ட மாற்றந்தான். பழைய தாலுகாக் கோடு பயன்பட்டது வசதிக்காக, கோட்பாட்டுக்காக அன்று.

இரண்டாவதில் நீங்கள் சொல்வதே சரி. நான் காலனிகளையே நினைத்துக்கொண்டிருந்துவிட்டேன். ‘பிரிவு’ என்றால் பேரரசின் சாயல் சற்று மங்குகிறது என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் அதைச் சொல்ல வேண்டிய இடம் விளக்கக் குறிப்பு, தலைச்சொல் அன்று. மட்டுறுத்துநர் ‘பிரிவுநாள் எல்லைக் கோட்பாடு’ என்றே கலைச்சொல் பட்டியலில் ஏற்றலாம். ‘கைவசக் காப்பாணை’ பற்றி, முதலில் எழுதிய நண்பரின் கருத்துக்குக் காத்திருக்கிறேன்.