செகண்ட் ஹேண்டில் வாங்கிய விசிஏ மாட்யூல் உர்ரென்று இரைகிறது, எங்கிருந்து ஆரம்பிப்பது?

கேள்வி:
பழைய யூரோராக் (தனித்தனி மாட்யூல்களை ராக்கில் மாட்டிச் சேர்க்கும் சிந்தசைசர்) விசிஏ, அதாவது ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் மாட்யூல் ஒன்று, கைமாறி என்னிடம் வந்திருக்கிறது. வேலை செய்கிறது, ஆனால் அடியில் உர்ர்ர் என்று ஒரு இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒலியை உருவாக்கும் ஆசிலேட்டரைச் செருகி வாசிக்கும்போது தெரிவதில்லை, எதுவும் செருகாமல் விட்டால்தான் உயிரை வாங்குகிறது. ராக்கில் மற்ற மாட்யூல்கள் எல்லாம் அமைதி. சத்தம் ஆடியோ இன்டர்ஃபேஸ் வழியாக லேப்டாப்புக்குப் போகிறது. பவர் சப்ளையையே மாற்று என்கிறார் நண்பர், அதற்கு மாட்யூலை விட விலை அதிகம்!

பதில் 1:
பவர் சப்ளையை விடுங்கள், முதலில் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். சத்தம் போய்விட்டால் அது கிரவுண்ட் லூப் (கருவிகள் ஒன்றுக்கு மேற்பட்ட வழியில் எர்த்தோடு இணைவதால் வரும் இரைச்சல்), மாட்யூல் மேல் பழி இல்லை. அதற்காக பிளக்கில் எர்த் பின்னை மட்டும் உடைத்துவிடாதீர்கள், இங்கே பாதி பேர் அதைத்தான் செய்கிறார்கள்.

பதில் 2:
மற்ற மாட்யூல்கள் அமைதி என்கிறாரே, அப்புறம் சார்ஜர் எப்படிக் காரணமாகும்? விசிஏ என்பதால் ஒரு வசதி இருக்கிறது. கெய்ன் (ஒலி அளவு) குமிழை மெல்லத் திருப்புங்கள். இரைச்சலும் கூடவே ஏறி இறங்கினால் அது இன்புட் பக்கமிருந்து உள்ளே வருகிறது. குமிழை முழுக்க மூடியும் அப்படியே இருந்தால் அவுட்புட் அல்லது பவர் பக்கம். இன்புட் ஜாக்கில் எதுவும் செருகாதபோது உள்ளே ஒரு சின்னத் தகடு சிக்னல் முனையை கிரவுண்டோடு சேர்த்து வைத்திருக்கும். பழைய ஜாக்கில் அந்தத் தகடு கறுத்துப்போனால் இன்புட் அந்தரத்தில் தொங்கும், சுற்றியிருக்கும் 50 ஹெர்ட்ஸ் கரண்ட் எல்லாம் அதில் வந்து ஏறும்.

பதில் 3:
அதோடு போர்டில் பவர் வரும் ரிப்பன் கேபிள் செருகும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்களையும் பாருங்கள், பெரும்பாலும் 10 மைக்ரோஃபாரட் இருக்கும். தலை உப்பியிருந்தால் மாற்றிவிடலாம், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் சில்லறைக் காசு, 25 வோல்ட் அல்லது அதற்கு மேல் வாங்குங்கள். பவர் சப்ளையின் +12, -12 வோல்ட் இரண்டையும் மல்டிமீட்டரை ஏசியில் வைத்தும் அளந்து பாருங்கள், சில மில்லிவோல்ட் என்றால் கவலை இல்லை. ஆனால் மலிவு மீட்டர் சிலது அங்கே இருபது முப்பது வோல்ட் என்று காட்டும், அது டிசியைப் பார்த்துக் குழம்புவது, பயந்துவிடாதீர்கள். திரும்ப மாட்டும்போது ரிப்பனின் சிவப்புக் கோடு -12 பக்கம்தானா என்று பார்த்துவிட்டு கரண்ட் கொடுங்கள்.

கேட்டவர்:
குமிழைத் திருப்பினால் இரைச்சலும் ஏறுகிறது! சார்ஜரைப் பிடுங்கியும் பார்த்தேன், மாற்றம் இல்லை. கெப்பாசிட்டர் இரண்டும் தலை தட்டையாக நன்றாகத்தான் இருக்கிறது.

பதில் 2:
அப்போ ஜாக்தான். உறுதி செய்ய, ஒரு பேட்ச் கேபிளை இன்புட்டில் செருகி, மறுமுனையில் நுனியையும் உடல்பகுதியையும் ஒரு கம்பியால் சேர்த்துப் பிடியுங்கள். சத்தம் அடங்கினால் மேற்கொண்டு வேறெங்கும் தேட வேண்டியதில்லை. மின்சாரத்தை நிறுத்தி, கான்டாக்ட் கிளீனரை ஜாக்குக்குள் ஒரு சொட்டு விட்டு, பிளக்கைப் பலமுறை செருகி எடுங்கள். டபிள்யூடி-40 சாதா டப்பா வேண்டாம், பிசுக்கு தங்கும்.

கேட்டவர்:
கேபிள் சோதனையில் அடங்கியது. கிளீனர் விட்டபின் முக்கால்வாசி போய்விட்டது, பிளக்கை எடுத்த உடனே மட்டும் சில சமயம் வருகிறது.

பதில் 3:
தகடு தளர்ந்திருக்கும், ஜாக்கையே மாற்றுங்கள். 3.5 மிமீ மோனோ, ஸ்விட்ச் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள், ஸ்விட்ச் இல்லாததை மாட்டினால் பழைய கதைதான்.