முகாமில் வாங்கிய காது கேட்கும் கருவியைத் திருப்பிக் கொடுக்க முடியுமா?

கேள்வி: புதுக்குடியிருப்பு மகள்

வணக்கம். 2009 இல் எறிகணை அருகில் விழுந்து வெடித்ததிலிருந்து என் தந்தையாருக்கு இடது காது அறவே கேட்பதில்லை. வலது காதும் இப்போது மந்தமாகி வருகிறது. இரண்டு மாதமும் ஒரு கிழமையும் முன்னர், கிளிநொச்சியில் ஒரு மண்டபத்தில் நடந்த இலவசக் கேட்டல் பரிசோதனை முகாமின்போது, ஒரு நிறுவனத்தினர் வலது காதுக்கென 85,000 ரூபாவுக்கு ஒரு கருவியை விற்றார்கள். பரிசோதனை பத்து நிமிடம்கூட நடக்கவில்லை. வீட்டுக்கு வந்த நாள் முதல், அவர் சோற்றை மெல்லும்போதெல்லாம் கருவி கீச்சிடுகிறது. கோழி கொக்கரிப்பதும் சட்டி விழுவதும் கேட்கின்றன, நாங்கள் கதைப்பது மட்டும் விளங்கவில்லை என்கிறார். இப்போது கருவி லாச்சிக்குள் கிடக்கிறது. தொலைபேசியில் கேட்டபோது, "விற்ற பொருள் மீளப் பெறப்படமாட்டாது" என்று பற்றுச்சீட்டில் அச்சிட்டிருப்பதைச் சொல்லி மறுத்துவிட்டார்கள். இனி ஒன்றும் செய்ய இயலாதா?

பதில்: வவுனியா வாசகர்

அந்த ஒரு வரியோடு உங்கள் உரிமை முடிந்துவிடுவதில்லை. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 13 ஆம் பிரிவின்படி, வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ தரப்பட்ட உத்தரவாதத்துக்கு இணங்காத பொருளைப் பற்றி முறையிடலாம். விசாரணையின் பின்னர் நட்டஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றித் தரவோ, பணத்தைத் திருப்பித் தரவோ அதிகார சபை கட்டளையிடலாம். ஆனால் முறைப்பாடு எழுத்தில், விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் போய்ச் சேர வேண்டும். அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து விவரம் சொல்லிவிட்டு, அதுவே முறைப்பாடு என்று நம்பி நாளைத் தவறவிட்டவர்களை நான் அறிவேன். உங்களுக்கு எஞ்சியிருப்பவை மூன்று கிழமைகளே.

பதில்: காது பரிசோதனைப் பிரிவில் வேலை செய்தவர்

சட்டம் சரி, ஆனால் கீச்சிடுவதை மட்டும் எழுதினால், "ஐயா சரியாகப் போடவில்லை" என்று ஒரே வரியில் மறுத்துவிடுவார்கள். பெரும்பாலும் கருவியின் காதுக்குள் போகும் பகுதியான அச்சு தளர்வாக இருந்தால், வெளியே கசியும் ஒலியை ஒலிவாங்கி மீண்டும் பிடித்துக் கீச்சிடும். மெல்லும்போது தாடை அசைந்து அச்சு விலகுவதால் அது கூடும். காதுக் குடுமி (காதழுக்கு) அடைத்திருந்தாலும் இப்படி நேரும். ஆகவே முதலில் வைத்தியசாலையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் காதைக் காட்டி, கேட்டல் வரைபடம் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். 250 முதல் 8000 ஹேர்ட்ஸ் வரை ஒவ்வொரு சுருதியிலும் எவ்வளவு சத்தத்தில் கேட்கிறது என்பதை அது காட்டும். எறிகணை அதிர்ச்சியால் பழுதான காதில் உயர் சுருதிகளே பெரும்பாலும் முதலில் போகும். அப்போது சத்தம் கேட்கும், சொல் விளங்காது. கருவியை அந்த வரைபடத்துக்கேற்பச் சரிசெய்யாமல் எல்லாச் சுருதியையும் ஒரே அளவில் கூட்டிவிட்டால், கோழியும் சட்டியும்தான் கேட்கும். கருவி பழுதா, பொருத்தியதில் பிழையா என்பதைப் பிரித்து எழுதுங்கள். விற்றவரின் வேலை கருவியைக் கையில் தருவதோடு முடிவதில்லை என்பது என் கருத்து. புதுக் கருவிக்குக் காது பழகச் சில கிழமைகள் செல்லும் என்பதும் உண்மைதான். ஆனால் மெல்லும்போது கீச்சிடுவது பழகித் தீரும் சங்கதி அல்ல.

மறுமொழி: புதுக்குடியிருப்பு மகள்

மிக்க நன்றி. பற்றுச்சீட்டைத் தேடி எடுத்தேன். "காதுக் கருவி 1" என்றும் தொகையும் மட்டுமே உள்ளன. மாதிரியின் பெயரோ தொடரிலக்கமோ இல்லை. கேட்டல் வரைபடமும் தரவில்லை.

பதில்: வவுனியா வாசகர்

பெட்டியிலும் கருவியின் உடலிலும் உள்ள இலக்கங்களைப் படமெடுத்து முறைப்பாட்டோடு இணையுங்கள். வரைபடம் தராததையும், முகாமில் அவர்கள் வாயால் கொடுத்த வாக்குறுதிகளையும், அருகில் யார் நின்றார் என்பதையும் நினைவிருக்கும்போதே எழுதி வையுங்கள். பொருளைப் பற்றிப் பொய்யாகச் சொல்லி விற்பதையும் அதே பாவனையாளர் சட்டம் தடுக்கிறது. மருத்துவ சாதனங்கள் 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கத் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபைச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்யப்பட வேண்டியவை என்பதால், பதிவு விவரத்தையும் நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். வைத்தியசாலைத் திகதி தள்ளிப்போனால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம்: முறைப்பாட்டை இப்போதே பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, வரைபடத்தைப் பின்னர் சேர்க்கலாம். தபாற் பற்றுச்சீட்டை மட்டும் லாச்சிக்குள் போட்டுவிடாதீர்கள்.