மினசோட்டா பனியில மான் எப்டிப் பொழைக்குது? சோளம் போட்டா நல்லதா?

புதுவயல் பையன்:
எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் கோக்குமாக்கான கேள்விதான், சிரிக்காதீங்க. எங்க அக்கா மினசோட்டால டுலூத்துக்கு வடக்க காட்ட ஒட்டி ஒரு வீட்டுல இருக்கு, போன வாரம் வீடியோ கால்ல கொல்லப்பக்கத்தக் காட்டுனப்ப ரெண்டு மான் வயித்தளவு பனியில நின்னுக்கிட்டு ஏதோ குச்சியக் கடிச்சிட்டு இருந்துச்சு, முதுகு மேலயும் பனி அப்டியே கெடக்கு. அதப் பாத்ததுலேர்ந்து எங்க அப்பத்தா விடல, "வாயில்லா சீவன் வெறச்சு நிக்கிது, நீங்க ஹீட்டரப் போட்டுக்கிட்டு சொகமாப் படுத்திருக்கீக, ஒரு படி சோளம் அள்ளிப் போட்டாக் கொறஞ்சா போயிருவீக"ன்னு தெனமும் இதே பேச்சு. அக்காவும் மனசு எளகி மக்காச்சோளம் ஒரு மூட்டை வாங்கிட்டு வந்துருச்சு. மச்சான் போடக்கூடாதுங்கிறார், ஏன்னு கேட்டா ஆபீஸ்ல சொன்னாங்கங்கிறார், அதுக்கு மேல அவருக்கும் தெரியல.

அங்க ராத்திரி மைனஸ் 30 வரைக்கும்கூடப் போகுமாம். மார்கழி பனிக்கே மப்ளர் கட்டுற ஆளு நான், எனக்கு இது ஒண்ணும் வெளங்கல. அந்தக் குளிர்ல இது எப்டி உசுரோட நிக்கிது, எந்த மாதிரி வருசத்துல சாகும், சோளம் போடலாமா கூடாதா? தெரிஞ்சவங்க சொல்லுங்க, பஞ்சாயத்த முடிச்சு வைக்கணும்.

மேடிசன் மருமக:
தம்பி, நான் கொத்தமங்கலத்துப் பொண்ணு, வாக்கப்பட்டு வந்தது விஸ்கான்சின். எங்க வீட்டுக்காரரு கூட வேலை பாக்குற பாதிப்பேரு நவம்பர் வந்தா வேட்டைக்கு லீவு போடுற ஆளுக, அதனால வருசம் முச்சூடும் மான் பேச்சு காதுல விழுந்துக்கிட்டே இருக்கும்.

முதுகுல பனி உருகாமக் கெடந்துச்சுன்னு பாவப்பட்டீங்கள்ல, அதுதான் நல்ல சேதி. உள்சூடு வெளிய வரலன்னு அர்த்தம். அங்க இருக்குற வெள்ளைவால் மான் கோடையில செம்பழுப்பா மெல்லிசா இருக்கும், குளிருக்கு முன்னாடி அந்த முடியக் கொட்டிட்டு சாம்பல் நெறத்துல தடிமனா வேற முடி போட்டுக்கும், வெளிமுடி ஒவ்வொண்ணுக்குள்ளயும் காத்து நிக்கும், அடியில கம்பளி மாதிரி இன்னொரு அடுக்கு. அது போக புரட்டாசி ஐப்பசியில ஓக் கொட்டை, வயல்ல சிந்துனதுன்னு கெடைச்சதத் தின்னு ஒடம்பு பூராவும் கொழுப்பு ஏத்தி வச்சிருக்கும். குளிர் வந்ததும் நடமாட்டமும் கொறஞ்சுரும் தீனியும் கொறஞ்சுரும், கூண்டுல வச்சு எதுக்க மலையாக் குமிச்சாலும் அந்த மாசங்கள்ல அது கொறச்சுத்தான் திங்குது. மரத்துக் குச்சியும் மொட்டும் தின்னு கெடைக்கிற சத்து ஒரு நாளைக்கிக்கூட காணாது, பாக்கிய கொழுப்புலேர்ந்துதான் எடுக்கணும். குளிர்காலம் முடியிறப்ப ஒடம்பு எடையில அஞ்சுல ஒரு பங்கு போயிருக்கும், அது அதுக்கு சாதாரணம். மூணுல ஒரு பங்கு கிட்ட போச்சுன்னா தப்பிக்கிறது கஷ்டம்.

அதனால வெறுங்குளிருக்கு மான் சாகுறது கம்மி. பனி எவ்வளவு ஆழம், அது எத்தன நாள் கெடக்கு, இந்த ரெண்டுதான் ஆளக் கொல்லுறது. நெஞ்சு வரைக்கும் பனி இருந்தா ஒவ்வொரு அடிக்கும் தாவணும், தின்னு கெடைக்கிறத விட தீனி தேடுறதுக்கே கூட செலவாயிரும். அதனாலதான் பனி ஏறுனதும் எல்லாம் சீடார், ஹெம்லாக், பால்சம் ஃபிர்னு எல உதிராத மரம் அடர்ந்த எடத்துக்குப் போயிரும், பனிய பாதி அந்தக் கெளையே தாங்கிக்கும், காத்தும் அடிக்காது. இத அங்க டீர் யார்டும்பாங்க. எல்லாம் ஒரே தடத்துல நடந்து நடந்து பனிய மிதிச்சு பாத போட்டுரும், அந்தப் பாதைய விட்டு எறங்காது. ஆனா நூத்துக்கணக்குல ஒரே எடத்துல அடஞ்சா என்னாகும், எட்டுற ஒசரம் வரைக்கும் சீடார் எல பூராவும் காலி. பெருசு பின்னங்கால்ல நின்னு எட்டிப் பறிச்சுரும், குட்டிக்கு எட்டாது. குட்டி மொத வருசம் வளர்றதுக்கே சத்தச் செலவழிச்சதால கொழுப்பும் கம்மி, காலும் குட்டை, அதனால மொதல்ல போறது அதுதான். அதுக்கப்புறம் கெழடு, அதுக்கப்புறம் நவம்பர் இணை சேர்ற சீசன்ல பட்டினியா அலஞ்சு சண்ட போட்டு மெலிஞ்ச கெடா. நடுவயசுப் பெட்டை பெரும்பாலும் தாக்குப்பிடிச்சுரும்.

இதுக்கு ஒரு கணக்கே வச்சிருக்காங்க. விஸ்கான்சின்ல டிசம்பர் 1-லேர்ந்து ஏப்ரல் 30 வரைக்கும், தரையில 18 இஞ்சோ அதுக்கு மேலயோ பனி கெடக்குற ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பாயிண்ட், ராத்திரி பூஜ்யம் ஃபாரன்ஹீட்டோ அதுக்குக் கீழயோ, அதாவது நம்ம கணக்குல மைனஸ் 18, போன ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பாயிண்ட். கூட்டுனா 50-க்குள்ள இருந்தா லேசான குளிர்காலம், 80 தாண்டுனா கடுமை, 100 போனா ரொம்பக் கடுமை. மினசோட்டாவும் இதே வழிதான், ஆனா அவங்களுக்கு 15 இஞ்சு பனி, கடுமைன்னு சொல்றதுக்கு 180 தாண்டணும், ரெண்டு ஊரு நம்பரையும் கலந்துராதீங்க. 1995-96ம் 2013-14ம் இங்க எல்லாரும் இன்னும் பேசுற வருசம். 2013-14-க்கு அப்புறம் வந்த வேட்டை சீசன்ல வடக்குப் பக்கம் நெறைய கவுண்டில, அதாவது நம்ம ஜில்லா மாதிரி, பெட்டை மானச் சுடவே கூடாதுன்னுட்டாங்க.

இன்னொண்ணு, ஜனவரில நின்னுட்டு இருக்குற மானப் பாத்து தப்பிச்சிருச்சுன்னு முடிவு பண்ணிராதீங்க. கொழுப்பு கரையிறது மார்ச், ஏப்ரல்லதான். பச்சை துளுக்க ரெண்டு வாரம் லேட்டானா அந்த ரெண்டு வாரத்துலதான் வரிசையா விழும்.

ஆட்டு டாக்டர் தேவகோட்டை:
மருமக மேடம் சொன்னதுக்கு மேல வயித்து வெவகாரம் மட்டும் நான் சொல்றேன், ஏன்னா அப்பத்தா வைக்கிற கேஸ்ல அதுதான் மெயின்.

மானும் அசை போடுற ஜாதிதான், ஆடு மாடு மாதிரியே நாலு அறை வயிறு. பெருவயித்துல இருக்குற நுண்ணுயிருங்கதான் செமிக்க வைக்குது, அதுங்க அந்தந்த சீசன் தீனிக்குத் தக்கன மாறிக்கும். குளிர்காலத்துல குச்சியும் பட்டையும் செமிக்கிற கூட்டம்தான் இருக்கும். அந்த நேரத்துல திடீர்னு வயிறு முட்ட மக்காச்சோளம் போட்டா மாவுச்சத்து வேகமாப் புளிச்சு லாக்டிக் ஆசிட் ஏறி ரத்தம் வரைக்கும் கெட்டு, ஒண்ணு ரெண்டு நாள்ல மான் செத்துரும். வயித்த அறுத்துப் பாத்தா உள்ள சோளம் நெறஞ்சு கெடக்கும். மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள் எங்க ஆஸ்பத்திரி வாசல்ல வந்து பாருங்க, பாசத்துல ஒரு பானைப் பொங்கலையும் பசுவுக்கே வச்சுட்டு வயிறு உப்பி தள்ளாடுதுன்னு ஓட்டிட்டு வருவாங்க, வருசா வருசம் சொல்றோம் யாரும் கேக்குறதில்ல. அதே கததான் இது. என்ன, மாட்டுக்கு சோடா உப்பு கரைச்சு ஊத்த நான் இருக்கேன், அந்தக் காட்டு மானுக்கு யாரு இருக்கா?

வைக்கோலு, காஞ்ச புல்லு போடலாமேன்னு கேப்பீங்க. பழக்கமில்லாத தீனிக்கு அந்த நுண்ணுயிரு மாறி வர்றதுக்கே ரெண்டு மூணு வாரம் ஆவும், ஏற்கனவே நொந்து கெடக்குற மான் வயிறு நெறைய புல்ல வச்சுக்கிட்டே பட்டினியில சாகும். செத்த மான் பட்டினியிலதான் போச்சான்னு பாக்க தொடை எலும்ப ஒடைப்பாங்க, நல்லா இருந்த மானுன்னா உள்ள மஜ்ஜை வெள்ளையா கெட்டியா கொழுப்பா இருக்கும், பட்டினின்னா செவப்பா ஜெல்லி மாதிரி கொழகொழன்னு. ஒடம்பு கடைசியாத் தொடுற கொழுப்பு அதுதான்.

புதுவயல் பையன்:
டாக்டர் சார் மிக்க நன்றி, இத அப்டியே அக்காவுக்கு அனுப்பிட்டேன். மூட்டைய என்ன பண்றதுன்னு கேக்குது 😀 கொஞ்சங்கொஞ்சமா பழக்கிப் போட்டா?

மேடிசன் மருமக:
வேணாம் தம்பி. தீனி போட்டா ஒண்ணு ரெண்டு வராது, அக்கம்பக்கத்துல உள்ளது பூராவும் ஒரே எடத்துல மூக்கோட மூக்கு ஒரசும். க்ரானிக் வேஸ்டிங்னு ஒரு நோய் இருக்கு, மூளையக் கெடுத்து மெலிய வச்சுக் கொல்லும், மருந்தும் கெடையாது ஊசியும் கெடையாது. எச்சி, மூத்திரம், அது விழுந்த மண்ணு எல்லாத்துலயும் பரவும். விஸ்கான்சின் காட்டு மான்ல 2002-ல கண்டுபிடிச்சாங்க, இன்னைக்கி வரைக்கும் ஒழிக்க முடியல. அதனால பல கவுண்டில தீனி போடுறதே சட்டப்படி தப்பு, உங்க அக்கா அவங்க ஊரு ரூல என்னன்னு மொதல்ல பாக்கட்டும். போதாக்கொறைக்கு தீனிக்காக ரோட்டத் தாண்டி வந்து வண்டில அடிபடும்.

ஏதாச்சும் செஞ்சே ஆகணும்னா, அவங்க எடத்துல சீடார், ஹெம்லாக் இருந்தா வெட்டாம விடச் சொல்லுங்க. மேப்பிள் மாதிரி எதையாச்சும் கழிக்கிறதா இருந்தா அத குளிர்காலத்துல செஞ்சு கொப்ப அங்கயே போட்டுரட்டும், அது அதுக்குப் பழகுன தீனி, காட்டுல மரம் வெட்டுற எடத்தத் தேடி மான் தானா வரும். நாய அவுத்து விடக்கூடாது, ஸ்னோமொபைல்ங்கிற பனி மேல ஓட்டுற வண்டிய எடுத்துக்கிட்டுப் பக்கத்துல போகக்கூடாது. ஒருவாட்டி வெரண்டு ஓடுனா போற தெம்பு திரும்பி வராது. நம்ம சிவகங்க பக்கம் கொள்ளுக்குடிப்பட்டியில வேட்டங்குடி சரணாலயத்துப் பறவைங்களுக்காக தீவாளிக்கு வெடியே போடுறதில்லல்ல, அவங்க என்ன அதுங்களுக்கு சோறா போடுறாங்க?

சும்மா கேக்குறேன்:
ரெண்டு டவுட்டு. ஒண்ணு, பூமி சூடாகுதே, பனி கொறஞ்சா மானுக்குக் கொண்டாட்டம்தானே? ரெண்டு, அங்க ஓநாய் இருக்காமே, அதப் புடிச்சு அப்புறப்படுத்திட்டா குளிர்ல சாகுற கணக்கு பாதியாக் கொறயாது?

மேடிசன் மருமக:
ஓநாய் தின்னுறதும் பனி ஆழத்தப் பொறுத்ததுதான் அண்ணே. மேல லேசா உருகி ராத்திரி மறுபடி உறஞ்சா ஓடு மாதிரி ஆயிரும், ஓநாய்க்கு அகலப் பாதம், அது மேலயே ஓடும், மானுக்கு கூர் கொளம்பு, பொத்துக்கிட்டு உள்ள போயிரும். அப்பப் புடிபடுறதுல நெறைய ஏற்கனவே பட்டினியில பாதி செத்தது. ஓநாய் இல்லாத எடத்துல என்ன ஆச்சுன்னு பாக்கணும்னா அலாஸ்கா பக்கம் செயின்ட் மேத்யூ தீவு. காடு இல்ல, வெறும் பாசிதான், மானும் ரெயின்டீர்ங்கிற கலைமான் வகை, இருந்தாலும் கத ஒண்ணுதான். 1944-ல 29 கொண்டுவந்து விட்டாங்க, தின்ன வர்றதுக்கு ஒரு மிருகமும் கெடையாது, 1963-ல 6,000. பாசிய பூராவும் மேஞ்சு தீத்துருச்சுங்க. அந்த 63-64 குளிர் கடுமையா அடிச்சுது, 1966-ல போய் எண்ணுனப்ப மிச்சம் 42, அதுல கெடா ஒண்ணே ஒண்ணு, அதுவும் சுகமில்லாதது.

சூடு கூடுனா வெள்ளைவால் மானுக்கு லாபம்தான், மறுக்கல. ஆனா லேசான குளிர்காலம் நாலஞ்சு தொடர்ந்து வந்தா கூட்டம் பெருகி சீடார் கன்னு ஒண்ணையும் வளர விடாது, அடுத்த கடுங்குளிருக்கு ஒதுங்க மரம் இருக்காது. இன்னொரு பக்கம், இந்த மான் மூளைப்புழுவ சுமக்குது, அதுக்கு ஒண்ணும் ஆகாது, அதே புழு மூஸ்ங்கிற பெரிய மானுக்குப் போச்சுன்னா நரம்பு கெட்டு சுத்திச் சுத்தி விழுந்து சாகும். பனி கொறயக் கொறய வெள்ளைவால் வடக்க ஏறுது, மூஸுக்கு எமனா வருது. வடகிழக்கு மினசோட்டால 2006-ல 8,000-க்கு மேல இருந்த மூஸு 2016-ல 4,000 சொச்சம். புழு மட்டுமே காரணம்னு சொல்ல மாட்டேன், உண்ணி இருக்கு, ஓநாய் இருக்கு, ஆனா அதுக்கும் பங்கு உண்டு. கலைமானுக்கு சூடே எமன்தான், சைபீரியா யமால்ல 2013 நவம்பர்ல பனி மேல மழ பேஞ்சு உறஞ்சு போயி பாசியத் தோண்ட முடியாம அந்தக் குளிர்காலத்துல 61,000 செத்துச்சு.

பிரான்மலை நடை:
நல்ல த்ரெட். அமெரிக்கா மானுக்கு இவ்ளோ கவலப்படுறோம், நம்ம சிவகங்க பக்கம் புள்ளிமானுக்கும் இதே மாதிரி ஒரு மோசமான சீசன் இருக்கு, பேருதான் வேற, கத்திரி. இதுக்கு பனிமுடியும் கெடையாது, கொழுப்பு சேக்குற சீசனும் கெடையாது. அங்க மாதிரி ஒரே மாசத்துல இணை சேந்து மே ஜூன்ல குட்டி போடுற கணக்கும் கெடையாது, எப்ப வேணா குட்டி பாக்கலாம். பங்குனியிலேர்ந்து புல்லு காஞ்சு கம்மாயும் வத்துனா தண்ணி தேடி ஊருப்பக்கம் எறங்குது, நாய் தொரத்துது, ரோட்டுல அடிபடுது, கைப்பிடிச் சுவரு இல்லாத கெணத்துல விழுது. சீமக்கருவேல நெத்து கெடைக்கிற எடத்துல அதப் பொறுக்கித் தின்னு ஓட்டிக்கும், தீனிய விட தண்ணிதான் பிரச்சன. எங்க பசங்க இந்தவாட்டி காட்டோரம் சிமெண்ட் தொட்டி வைக்கலாம்னு பேசிட்டு இருக்கோம், டாக்டர் சார் எதாச்சும் யோசன இருந்தா சொல்லுங்க.

ஆட்டு டாக்டர் தேவகோட்டை:
வனத்துறைகிட்ட மொதல்ல சொல்லிட்டு செய்ங்க, எடத்த அவங்களே காட்டுவாங்க. தொட்டிய ரோட்டோரம் வைக்காதீங்க, காட்டுக்குள்ள தள்ளி வைங்க, ரோட்டத் தாண்டி வந்து குடிக்கிற மாதிரி இருந்தா வைக்காம இருக்குறதே மேல். ஆழம் கம்மியா, ஒரு பக்கம் சரிவா இருக்கணும், இல்லன்னா குட்டி உள்ள விழுந்தா ஏற முடியாது. வாரத்துக்கு ஒருக்கா கழுவி விடுங்க. வச்சுட்டு பாதி வெயில்ல ஊத்துறத நிறுத்திறாதீங்க, அதுங்க அந்த எடத்த நம்பி பழகிருக்கும்.