புதுப்பிப்பு: தம்பியின் இருமலுக்குப் பலம் வந்திருக்கிறது

கழுத்தில் சி5 (ஐந்தாவது கழுத்து முள்ளெலும்பு) மட்டத்தில் தண்டுவடம் அடிபட்ட தம்பியால் சளியை இருமித் தள்ள முடியவில்லை என்று மூன்று மாதங்களுக்கு முன் எழுதியிருந்தேன். மூச்சை உள்ளிழுக்கும் தசையான உதரவிதானம் இயங்குகிறது, இருமலை உந்தித் தரும் வயிற்றுத் தசைகள்தாம் செயலிழந்துவிட்டன.

இயன்முறை மருத்துவர் கற்றுக்கொடுத்தபடி, தொப்புளுக்குச் சற்று மேலே உள்ளங்கையை வைத்து, அவன் இருமும் அதே நொடியில் உள்ளும் மேலுமாக அழுத்துகிறேன். முதல் வாரம் முழுக்க நொடி தவறியது. இப்போது அவன் இமை மூடுவதே எனக்குச் சைகை. பழகாதவர்கள் தயவுசெய்து அழுத்திப் பார்க்காதீர்கள், விலா எலும்பு முறியலாம்.

உட்காரும்போது மட்டும், மூச்சுக்கு உதவியாக வயிற்றைச் சுற்றிப் பட்டை கட்டுகிறோம்; படுத்தால் அவனுக்கு மூச்சு எளிது. மூச்சை இழுத்துப் பழகும் மூன்று பந்துக் கருவியில் நேற்று இரண்டாவது பந்தும் ஏறி நின்றது. இரவில், என் கை படாமலே சளி வெளியே வந்தது. அம்மா அழுதுவிட்டார்.